குறுக்கே போட்ட கயிறு

லார்சா நகரத்து எழுத்துப் பள்ளியில் செங்கோண முக்கோணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் கோடு இழுத்து, இரண்டு பக்கத்தைச் சொன்னால் போதும், மூன்றாவது பக்கம் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும். மூன்றும் நான்கும் என்றால் ஐந்து. ஐந்தும் பன்னிரண்டும் என்றால் பதின்மூன்று. மலைக்க வைக்கும் பெரிய எண்களிலும் முக்கோணம் கட்டி, அதைப் பக்கத்துப் பள்ளிக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்கள். அந்த முக்கோணங்களில் ஒன்றாவது பள்ளி வாசலைத் தாண்டியதுண்டா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

அங்கே தாரிபு என்றொரு மாணவர் இருந்தார். பேரீச்சம்பழ வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, தலை நரைத்தபின் படிக்க வந்தவர். ஆசிரியர் இல்தானி அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் தாரிபு அவரை 'அம்மா' என்றுதான் அழைப்பார்.

ஒருநாள் உச்சி வெயிலில் தாரிபு பள்ளிக்குள் நுழைந்தபோது முகம் கொதித்துச் சிவந்திருந்தது.

"ஊர் நடுவில் வைத்து என்னைப் பொய்யன் என்கிறாள், அம்மா!"

இல்தானி முற்றத்தில் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார். "யார்?"

"வேறு யார்? அந்த வெங்காயக்காரி நாரம்துதான்."

வெள்ளம் வடிந்த பிறகு எல்லை முளைகளைக் கோயில் மணியக்காரர் உபார் புதிதாக அடித்திருந்தார். நாரம்துவின் நிலத்துக்கு ஒரு பக்கம் வாய்க்கால். மற்ற மூன்று பக்கமும் கோயில் நிலம். தன் நிலம் சுருங்கிவிட்டது என்று அவள் சபையில் முறையிட்டாள். சபைப் பெரியவர்கள் அளந்து பார்க்க ஓர் ஆள் கேட்டார்கள். இல்தானி தாரிபுவை அனுப்பியிருந்தார்.

"நான்கு பக்கமும் நானே கயிறு வைத்தேன், அம்மா. வாய்க்கால் ஓரம் நான்கு கயிறு, எதிர்ப்பக்கமும் நான்கு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கமும் மூன்று. அவள் மாமனார் காலத்திலிருந்து இதே அளவுதான். ஒரு விரல் குறையவில்லை. 'எல்லாம் சரி' என்றேன். அதற்கு என்ன கேட்டாள் தெரியுமா? 'நான் வழக்கமாகப் போடுகிற பாத்தி இதில் அடங்கவில்லையே, ஐயா, மிச்சத்தை நீங்கள் விழுங்கிவிட்டீர்களா?' என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால்! என்ன கொழுப்பு!"

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சொல்ல என்ன இருக்கிறது? மாலையில் முளைகளுக்கு எண்ணெய் ஊற்றப்போகிறார்கள். அதுவரை கத்திக்கொண்டிருக்கட்டும்."

எண்ணெய் ஊற்றிய முளையை யாரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் சூரிய தேவன் சமாஷையே கேள்வி கேட்டது போலாகும். இது அந்த ஊர்ச் சட்டம்.

இல்தானி சுவரோரம் கிடந்த செங்கல் அச்சைக் காட்டினார். "அதை எடுங்கள்."

நான்கு மரக் கட்டைகளை மூலையில் ஆணியிட்டுச் சேர்த்த பழைய அச்சு அது. மூலைகள் ஆடிக்கொண்டிருந்தன. இல்தானி அதை நேராக வைத்து, களிமண்ணை விளிம்புவரை நிரப்பி வழித்தார். பிறகு அச்சைத் தூக்கினார். செங்கல் நின்றது.

அந்த அச்சின் ஒரு மூலையைக் கட்டை விரலால் மெல்லத் தள்ளினார். அச்சு சாய்ந்தது.

"பக்கங்களை அளந்து பாருங்கள்."

தாரிபுவுக்கு எரிச்சலாக வந்தது. "அளக்க என்ன இருக்கிறது? அதே கட்டைகள்தானே!"

இல்தானி அந்தச் செங்கல்லையே பிசைந்து, சாய்ந்த அச்சுக்குள் திணித்து, விளிம்புவரை வழித்தார். கையில் ஒரு பிடிக் களிமண் மிஞ்சியது. அதை எடுத்துத் தாரிபுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

தாரிபு அந்த மண்ணைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த அச்சைப் பார்த்தார்.

பிறகு வெடித்தார்.

"அயோக்கியன்! பக்கத்தை மட்டும்தான் அளப்போம் என்று தெரிந்தே முளைகளைத் தள்ளி அடித்து நிலத்தையே சாய்த்திருக்கிறான்! நானும் போய்ச் 'சரி' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே! ஐந்தும் பன்னிரண்டும் பதின்மூன்றும் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து என்ன பயன்? வாருங்கள் அம்மா, சபை நடுவில் அவனை நாறடியுங்கள்!"

"அளவுக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் இல்தானி. கையைக் கழுவிக்கொண்டு நடந்தார்.

வயலில் கூட்டம் கூடியிருந்தது. உபார் எண்ணெய்க் கிண்ணத்தோடு தயாராக நின்றார்.

"இன்னும் என்ன?" என்று சிரித்தார். "உங்கள் ஆள்தான் சரி என்று சொல்லிவிட்டாரே."

தாரிபுவுக்கு அந்தச் சிரிப்பைப் பிடித்துக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது.

இல்தானி பெரியவர்களைப் பார்த்தார். "நிலத்தை மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே அளக்க வேண்டும். மூலை நேராக இருந்தால், மூன்றுக்கும் நான்குக்கும் குறுக்கே ஐந்து வரும்."

"அது பள்ளிக்கூடத்துக் கணக்கு" என்றார் ஒரு பெரியவர். "மண்ணுக்குப் பொருந்துமா?"

"கோயில் முற்றத்தின் மூலையில் அளந்து பார்த்துவிட்டு வாருங்கள். மணியக்காரரே நின்று கட்டிய முற்றம்தான்."

இரண்டு பேர் போனார்கள். முற்றத்து மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்று முழமும் மறு சுவரில் நான்கு முழமும் குறித்துக் குறுக்கே அளந்தார்கள். ஐந்து முழம் வந்தது. திரும்பி வந்து அதைச் சபையில் சொன்னார்கள்.

உபாரின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"நிலத்தின் குறுக்கே எப்போது கயிறு போடுவோம்? குடும்பத் தலைவர் செத்தபின் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போதுதானே? உயிரோடு இருக்கிறவள் நிலத்தில் குறுக்கே கயிறா? அந்த வீட்டில் சாவு விழ வேண்டுமா?"

கூட்டம் முணுமுணுத்தது. அது உண்மைதான். அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்ததில்லை. பெரியவர்கள் நாரம்துவைப் பார்த்தார்கள். அவள் சொல்லாமல் கயிறு போட முடியாது.

நாரம்து முன்னால் வந்தாள்.

"வெள்ளம் விட்டுவைத்ததை இவர் தின்னப் பார்க்கிறார். நிலம் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தச் சாவு மட்டும் சாவு இல்லையா? நீங்கள் கயிற்றைப் போடுங்கள், அம்மா!"

கயிற்றின் வால்முனையைத் தாரிபு முளையோடு சேர்த்துப் பிடித்தார். இல்தானி தலைமுனையோடு நிலத்தின் நடுவே இறங்கினார். சேற்றில் கால் புதையப் புதைய, இப்படி அப்படித் திரும்பாமல் நடந்தார். கயிறு முடிந்த இடத்தில் குச்சி நட்டு, மறுபடி அங்கிருந்து. ஐந்து கயிறும் முடிந்தன. எதிர் மூலை முளை இன்னும் வெகு தள்ளி நின்றது.

பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே, தூர மூலையிலிருந்து வாய்க்காலை நோக்கி அளந்தார்கள். இந்த முறை ஐந்தாவது கயிறு முளையைத் தாண்டிப் போய் வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது.

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"வெள்ளம் முளையை நகர்த்தியிருக்கும்" என்றார் உபார்.

"வெள்ளம் கையில் சம்மட்டியும் கொண்டுவந்ததாக்கும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடித்து உண்மையான மூலைகளைக் கண்டுபிடித்தார்கள். அவை கோயிலின் பார்லி விதைப்புக்குள் இருந்தன. பெரியவர்கள் உபார் அடித்த முளைகளைப் பிடுங்கி அங்கே அடித்தார்கள். உபாரின் கையிலிருந்தே கிண்ணத்தை வாங்கி எண்ணெய் ஊற்றினார்கள். நாரம்து யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அவள் நிலம் அவளுக்கு வந்தது, இதில் நன்றி எதற்கு? மண்வெட்டியை எடுத்துப் பாத்தி கட்டப் போய்விட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் தாரிபு பொருமிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டபோது அவரால் அடக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை, அம்மா! ஒரே ஒரு வார்த்தை அவனைத் திட்டியிருக்கக் கூடாதா? ஒரு குடும்பத்தையே பட்டினி போடப் பார்த்தான். என்னை அதற்குச் சாட்சி ஆக்கினான். நான் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் அவனை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்குக் கோபமே வராதா?"

இல்தானி நின்றார்.

"கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"அது எங்கேயாவது தொய்ந்ததா?"

தாரிபு கன்றிப்போயிருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். மறுமுனையில் இல்தானி இழுத்த இழுப்பில் கயிறு பதித்த தடம் அவற்றில் இன்னும் மறையவில்லை.