நெத்திலியும் நுரையும்

"டீச்சர், நுரை பொங்குற வெள்ளை ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும்?"

கேட்டவர் புதுச்சேரி அந்துவான். தலை முழுக்க நரை. டீச்சர் செலஸ்தீனுக்கு அவர் மகள் வயசுதான். எந்த ஒயினுக்கு எந்த உணவு என்று ஓட்டல்காரர்களுக்கே பாடம் எடுப்பவள்.

"யாருக்குப் பரிமாற?"

"என் வீட்டுக்காரிக்கு. மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் பாரீசுக்குப் போனவ. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிட்டா, இவ இன்னும் வரல. ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கா. 'திறந்துடாதீங்க, நான் வந்ததும் சேர்ந்து குடிப்போம்'னு சொன்னா. அன்னைக்குச் சாப்பாடு சொதப்பிடக் கூடாது."

"சமைச்சுக் கொண்டாங்க. பார்ப்போம்."

முதலில் ஆட்டுக்கறி வறுவல் கொண்டுபோனார். மிளகாய் தூக்கல்.

செலஸ்தீன் தன்னிடம் இருந்த ஒயினை ஊற்றிக் கொடுத்தாள். நுரை பட்டதுதான் தாமதம், காரம் நாக்கில் தீயாகப் பற்றிக்கொண்டது. அந்துவானுக்குக் கண்ணில் தண்ணீர்.

"அழுறீங்களா ஐயா?"

"காரம், டீச்சர்."

"சரி. காரம்னே வச்சுக்குவோம்."

அடுத்து சேமியா பாயசம். அந்த இனிப்புக்கு முன்னால் ஒயின் வெறும் புளிப்பாகிப் போனது.

"இது அவங்களுக்குப் பிடிக்குமோ?"

"பிடிக்குமாவா? கிண்ணத்தையே வழிச்சு நக்கிடுவா." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் நெத்திலி. அரிசி மாவு, உப்பு, துளி மிளகுத்தூள். செலஸ்தீன் வீட்டு அடுப்பிலேயே மொறுமொறுவென்று பொரித்தெடுத்தார்.

எண்ணெய்ப் பிசுக்கை நுரை வழித்துக்கொண்டு போனது. உப்புக்கு ஒயின் இனித்தது.

"பொருந்திடுச்சு டீச்சர்!" பச்சைப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"பொருந்திடுச்சு. அவங்க எப்ப வர்றாங்க?"

"கிறிஸ்மசுக்குன்னா. அப்புறம் பேத்திக்குக் காய்ச்சல்னா. இப்ப ஈஸ்டருக்குங்கறா."

"நீங்க போறது?"

"அவளும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. வீட்டை யார் பாக்குறது? மோட்டார் வேற மக்கர் பண்ணுது. அவ வரட்டும் டீச்சர். என் மேசையில உக்கார வச்சு என் கையால பரிமாறணும்."

"நாளைக்கு அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வாங்க."

மறுநாள் நெத்திலி பொரிந்து தட்டுக்கு வந்தது. செலஸ்தீன் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். தக்கையைத் திருகினாள்.

"ஐயோ டீச்சர்! அது அவளோடது!"

டப்பென்று திறந்துகொண்டது.

இரண்டு கிளாஸில் ஊற்றினாள். ஒன்று அவர் முன்னால். இன்னொன்று எதிரே இருந்த காலி நாற்காலிக்கு முன்னால்.

அந்துவான் கீழே விழுந்த தக்கையைப் பொறுக்கி எடுத்தார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"அப்புறம் கோபப்படுங்க. இப்பத் தொடாதீங்க. அவங்க வரட்டும்."

உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்க் கிளாஸில் குமிழிகள் சரம் சரமாக ஏறின. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன்னை அறியாமல் பேச ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரி பெர்னதெத் நெத்திலியைத் தலையோடு கடிப்பாள். நல்ல மீனாகப் பொறுக்கி அவர் தட்டில் தள்ளிவிடுவாள். சண்டை போட்ட நாளிலும் தள்ளுவாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு.

வெயில் மேசையை விட்டு இறங்கிப் போனது.

"இப்பச் சாப்பிடுங்க," என்றாள் செலஸ்தீன்.

கடித்தார். மீன் நமத்துச் சவசவவென்றிருந்தது. குடித்தார். ஒரு குமிழிகூட இல்லை.

"பொருந்தலையே, டீச்சர்."

"அதே மீன்தான் ஐயா. உங்க கைப்பக்குவம்தான்."

அந்துவான் காலி நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையில் கையை விட்டு போனை எடுத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாச்சுமா?" பெர்னதெத்தின் குரல் பதறியது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பெர்னா, உங்க ஊர்ல நெத்திலி கிடைக்குமா? இல்ல, நான் வரும்போது கருவாடாத்தான் கட்டிக்கிட்டு வரணுமா?"