அடுப்பை அணைத்த அண்டை வீடு

ஒரு காட்டில் சூரன் என்றொரு யானை இருந்தது. அதன் தும்பிக்கைக்குள் கண்ணுக்குத் தெரியாத செல்கள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருந்தன. யானைக்கு வேண்டியதைச் சமைத்துத் தருவதே அவற்றின் வேலை.

அவற்றில் வீம்பி என்ற செல்லும் பக்கத்துச் செல் வெடுக்கியும் 'கா' விட்டிருந்தன. நடுச்சுவர் யாருடையது என்று சண்டை!

ஒரு நாள் வேறொரு யானை தும்மியது. அந்தத் தும்மலில் வந்த வைரஸ் ஒன்று வீம்பியின் கதவைத் தட்டியது.

"உன் கைப்பக்குவத்தை ஊரே புகழ்கிறதே! என்னிடம் பலகாரக் குறிப்பு இருக்கிறது, அடுப்புதான் இல்லை. சமைத்துத் தருவாயா?"

வீம்பிக்குத் தலைகால் புரியவில்லை. குறிப்பை வாங்கிச் சமைத்தது. பானையைத் திறந்தால் பலகாரமா இருந்தது? அதே வைரஸ், கூட்டம் கூட்டமாக! நிறுத்தப் பார்த்தது, கரண்டி நிற்கவில்லை.

"உன் வீடு இடியப் போகிறது. அடுத்தது பக்கத்து வீடு!" என்று சிரித்தது வைரஸ்.

வீம்பிக்கு இனிப் பிழைக்க வழியில்லை என்பது புரிந்துவிட்டது. வெடுக்கியிடம் போய் ஏமாந்த கதையைச் சொல்வதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இன்டர்ஃபெரான் என்ற தூதுப் புரதத்தை அவசரமாகச் செய்து அனுப்பியது.

தூது ஓடிப்போய்க் கத்தியது: "வீம்பி பழம் விட்டுவிட்டது! அடுப்பை அணை! வைரஸ் குறிப்பு நீட்டினால் கிழித்துப் போடு! அடுத்த வீட்டுக்கும் சொல்!"

வெடுக்கி முறைத்தது. "செத்தாலும் என்னோடு பேசமாட்டேன் என்றதே, அதுவா சொல்லி அனுப்பியது?"

"அதுவேதான்."

"அப்படியானால் விஷயம் பெரிதுதான்" என்று அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்கும் சொல்லி அனுப்பியது வெடுக்கி.

சற்று நேரத்தில் வீம்பியின் வீடு இடிந்தது. வைரஸ் கூட்டம் வெளியே பாய்ந்தது.

"உன் கைப்பக்குவத்தை..."

"இங்கே அடுப்பில் பூனை தூங்குகிறது, போ!" என்று குறிப்பைக் கிழித்து எறிந்தது வெடுக்கி. வீட்டுக்கு வீடு அதே பதில்தான். திண்டாடித் தெருவில் நின்ற வைரஸ்களைக் காவல் செல்கள் வந்து விழுங்கித் தீர்த்தன.

காய்ச்சலில் படுத்திருந்த சூரன் எழுந்தது. முயலைக் கூப்பிட்டு, "பார்த்தாயா! என் தந்தத்தைக் கண்டே சளி ஓடிவிட்டது!" என்று பீற்றிக்கொண்டது.

உள்ளே வெடுக்கி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தது. பிறகு இடிந்து கிடந்த நடுச்சுவரைத் தொட்டு, "பழம், வீம்பி" என்றது.

நீதி: வந்த ஆபத்தை வெட்கப்பட்டு மறைத்தால் ஊர் அழியும், வாய்விட்டுச் சொன்னால் ஊர் பிழைக்கும்.