அப்சல்யூட்லி சவரிமுத்து

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் வாயை மட்டும் திறக்காதீர்கள். கொடைக்கானல் ஏரிக்குப் பின்னால் இருந்த அந்த டாக்ஸி ஸ்டாண்டில் அதுதான் சட்டம்.

அங்கே சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாகப் பத்து ஆணி. முதலில் வந்தவர் முதல் ஆணியில் வண்டிச் சாவியை மாட்டுவார். முதல் ஆணிக்குத்தான் முதல் டிரிப். மழைக்காலத்தில் வேலையில்லாமல் டிரைவர்கள் கதை பேசி, கதை பொய்யென்று சண்டை போட்டு, இரண்டு சட்டை கிழிந்த பிறகு ஸ்டாண்டுச் செயலாளர் ஜமால் பாய் ஒரு தீர்மானம் போட்டார்.

"கதை சொல்றவனப் பாத்து எவன் 'பொய்'னு சொல்றானோ, அவன் சாவி கடைசி ஆணிக்குப் போகும்."

அன்று முதல் ஆணியில் தொங்கியது தவசியின் சாவி. பதினோரு நாளாக அவனுக்கு டிரிப் இல்லை. சும்மா இருந்தவனை மனைவி மலைப்பூண்டு உரிக்க உட்கார்த்திவிட்டாள். அவனிடம் கைகுலுக்கியவர்கள் இரண்டு நாளைக்குப் பூண்டு ரச வாசம் வீசினார்கள். இன்று ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரக் குடும்பம் காத்திருந்தது. தேக்கடி, ஆலப்புழை, முழுசாக நான்கு நாள். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் போன் வரும்.

இரண்டாம் ஆணி சவரிமுத்துவுடையது. அவர் தொண்டையைச் செருமியதும் தவசி தன் சாவியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இதே செருமலில் தொடங்கிய ஒரு கதையைப் பொய் என்று சொல்லி, முதல் ஆணியில் இருந்த டிரைவர் குணசீலன் கடைசி ஆணிக்குப் போயிருந்தான்.

"தவசி, இங்கிலீஷ்ல நாலே நாலு வார்த்த தெரிஞ்சா போதும்டா" என்று ஆரம்பித்தார் சவரிமுத்து. "நாம 'முழுசா'ன்னு சொன்னாலும் கொஞ்சம் மிச்சம் வச்சுத்தான் சொல்லுவோம். முழுசா சாப்பிட்டேம்பான், தட்டுல கறிவேப்பில கிடக்கும். வெள்ளைக்காரன் அப்படியில்ல. மிச்சமே வைக்காத வார்த்தை நாலு வச்சிருக்கான். நாலும் நாலு கியர். மொதக் கியர் டோட்டலி."

"பொய்" என்றான் குணசீலன். "எனக்கென்ன, நான் ஏற்கெனவே கடைசி ஆணி."

சவரிமுத்து அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"ஒரு துரைய ஏத்திக்கிட்டு மலையேறுறேன். 'ரோடு சேஃப்பா?'ன்னாரு. 'டோட்டலி'ன்னேன். அவ்வளவுதான். குழியெல்லாம் தானா மூடிக்கிச்சு. வளைவெல்லாம் வேட்டிய உதறுன மாதிரி நேராச்சு. மறுநாள் ரோடு போட்ட கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டு, 'இது நான் போட்ட ரோடே இல்ல'ன்னு அழுதாரு."

தவசி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டாங் கியர் கம்ப்ளீட்லி. 'டாங்க் ஃபுல்லா?'ன்னாரு. முள்ளு அடியில கிடக்கு. 'கம்ப்ளீட்லி'ன்னேன். டாங்க் ரொம்பிருச்சு. நிக்கல. ரேடியேட்டர் ரொம்புச்சு, வைப்பர் டப்பா ரொம்புச்சு, துரையோட பிளாஸ்க்ல இருந்த காபியும் டீசலாயிருச்சு."

"குடிச்சாரா?" என்று கேட்டார் ஜமால் பாய்.

"குடிச்சாரு பாய். மத்தியானம் வரைக்கும் அவருக்குப் பொக வந்துச்சு."

தவசியின் வாயிலிருந்து "பொ..." என்று பாதி வந்தே விட்டது. ஜமால் பாய் நிமிர்ந்தார். "பொ... பொறுமையா சொல்லுங்கண்ணே" என்று முடித்து நெற்றியைத் துடைத்தான் தவசி. ஹோட்டல் போன் அடிப்பதாகத் தெரியவில்லை.

"மூணாங் கியர் அட்டர்லி. 'இந்தக் குரங்கெல்லாம் சும்மா இருக்குமா?'ன்னாரு. 'அட்டர்லி'ன்னேன். அந்த வளைவுல இருக்குற குரங்கெல்லாம் இன்னிக்கு வரைக்கும் பேசாது. சண்டையக் கூட ஜாடையிலதான் போடும். இப்ப நாலாவது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இத நாலு பேரு இருக்குற எடத்துல சொல்லக் கூடாது. காதப் பொத்திக்கங்க. அப்சல்யூட்லி."

யாரும் காதைப் பொத்தவில்லை.

"மேல ஒரே பனி மூட்டம். 'இது விலகுமா?'ன்னு கேட்டாரு. 'அப்சல்யூட்லி'ன்னேன். பனி போச்சு. மேகம் போச்சு. மரத்து நெழலு போச்சு. கடைசியில மலையே போச்சுடா தவசி! கீழ ஏழாயிரம் அடி. நடுவுல ஒண்ணுமில்ல. வண்டி அந்தரத்துல நிக்கிது."

"அப்புறம்?"

"ஹேண்ட் பிரேக்கப் போட்டேன்."

குணசீலன் ஏழு முறை பொய் என்றான். சவரிமுத்து கண் சிமிட்டாமல் தவசியையே பார்த்தார். "என்னடா, நம்ப முடியலையா? வாயத் தொறந்து சொல்லு."

தவசி விரலை மோந்து பார்த்தான். இன்னொரு கூடைப் பூண்டு கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்தில் அவனுக்கு வாய் வந்தது.

"அண்ணன் சொல்றது சத்தியம் பாய். அன்னிக்கு நான் பின்னாடிதான் வந்தேன். மூட்டம் போச்சு, மலை போச்சு. அதோட நிக்கல. மிச்சமே வைக்காத வார்த்தையாச்சே, சொன்ன ஆள மட்டும் விடுமா? அண்ணனும் போயிட்டாரு. எடது கால் செருப்பு ஒண்ணுதான் கெடச்சிச்சு. நான்தான் அதக் கொண்டுபோய் மதினிகிட்ட குடுத்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு நாம எல்லாரும் போனோம். பாய், நீங்க ரெண்டு தடவ பாயசம் வாங்குனீங்க."

ஜமால் பாய் தாடியைத் தடவினார். "நல்ல பாயசம். முந்திரி கொஞ்சம் கம்மி."

பிறகு எழுந்து பலகைப் பக்கம் போனார். சவரிமுத்துவின் சாவியில் கை வைத்தார்.

"பாய், என்ன பண்றீங்க?"

"இது வரைக்கும் தவசி சொன்னத யாரும் பொய்னு சொல்லல. அப்ப அது ஸ்டாண்டுக் கணக்குல உண்மை. செத்தவன் சாவிய ஆணியில வைக்க முடியாதுல்ல?"

"பாய், நான் இந்தா ஒக்காந்திருக்கேன்!"

"யாரோ பேசுறாங்க குணசீலா. உனக்குக் கேக்குதா?"

குணசீலன் முதல் முறையாகப் பொய் என்று சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே பாய்" என்றான்.

சாவி ஆணியை விட்டுக் கழன்றது. சவரிமுத்து பெஞ்சிலிருந்து துள்ளினார். "பொய்! அவன் சொல்றது அத்தனையும் பொய்!"

"அது போதும்" என்று சொல்லி, ஜமால் பாய் குணசீலனுடையதை ஓர் ஆணி முன்னால் தள்ளிவிட்டு, அந்தச் சாவியைக் கடைசி ஆணியில் மாட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. "முதல் ஆணி, கிளம்பு!"

தவசி சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினான். வண்டி நகரும்போது, பின்னால் அந்தச் செருமல் கேட்டது.

"சரிடா குணசீலா, நான் செத்தது நெசம்தான். மேல போனேன். வாசல்ல இராயப்பர் சொர்க்கத்துச் சாவியோட நிக்கிறாரு. 'சவரிமுத்து, நீ செத்துட்டியா?'ன்னாரு. நமக்குத்தான் ரிவர்ஸ் கியரும் தெரியுமே. 'நாட் அட் ஆல்'னேன். நேரா இந்தப் பெஞ்சுல வந்து விழுந்தேன்."

தவசியின் சாவி இப்போது ஆணியில் இல்லை, வண்டியில் இருந்தது. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "பொய்! பொய்! பொய்!" என்று ஹோட்டல் வாசல் வரைக்கும் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் கத்திக்கொண்டே போனான்.