நாலாவது சிலிண்டர்

“வண்டிக்காரரு விலை கூடின பெட்ரோல்தான் ஊத்தறாரு. மாசம் ஒரு பாட்டில் கிளீனரும் ஊத்தறாரு. அப்புறம் எதுக்கு அம்மணி இது இந்த ஆட்டம் ஆடுது?”

சென்னியப்பன் கேட்டதில் தப்பில்லை. கார் நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி என்ஜினை அணைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“குடிங்ணா.”

குடித்தான்.

“நல்ல தண்ணிங்களா?”

“நல்ல தண்ணிதான்.”

“முதுகு அழுக்குப் போச்சுங்களா?”

அவன் பாட்டிலைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.

இந்த மாதிரி என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டரின் வயிற்றுக்குள் போய்விடும். காற்று உள்ளே போகிற வழியில் இருக்கிற வால்வின் முதுகில் ஒரு சொட்டுப் படாது. ஆயில் புகைதான் அங்கே போய் உட்கார்ந்து, வெந்து, கரியாகும். எவ்வளவு விலை கொடுத்து ஊற்றினாலும் அது கழுவாது.

சூலூர் ரோட்டில் தகர ஷெட் அவளுடையது. அவனைவிடப் பத்து வயசு சின்னவள். அவன் லாரி என்ஜினிலேயே ஊறினவன். புது என்ஜினில் கரி எடுக்கத் தெரியாமல் அவளிடம் வந்து சேர்ந்தான். வந்த நாளிலிருந்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் நிற்கிறான்.

“நான் எப்ப அம்மணி கிளம்பறது?” தினமும் இதே கேள்வி.

“கை கத்துக்கிச்சுங்ணா.”

“அப்புறம் என்ன?”

“கால் கத்துக்கலீங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுவாள்.

அவள் வாயால் ‘கிளம்புங்க’ என்று வர வேண்டும். பல்லடத்தில் அவன் கடை பார்த்து வைத்துவிட்டான். அந்தப் பக்கத்து வண்டிகளையெல்லாம் அவனிடமே அனுப்புவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் சொல்லாமல் கடை திறந்தால் ஈகூட எட்டிப் பார்க்காது. அது அவனுக்கே தெரியும்.

கோகிலவாணி பாட்டிலை வாங்கி மூடினாள்.

“இந்த வண்டியை நீங்களே முடிங்க. நான் கை வைக்க மாட்டேன். சரியா ஓடுச்சுன்னா கிளம்பிக்கலாம்.”

என்ஜின் ஆறுவதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டான். ஆறினதும் காற்றுக் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றினான். உள்ளே ஒவ்வொரு வால்வும் கருகின பணியாரம்.

அக்ரூட் கொட்டையின் மேலோட்டை இடித்த குருணையைக் காற்றோடு பீய்ச்சி அடித்தால் கரி உதிரும். இரும்பில் கீறல் விழாது. ஆனால் அடிக்கிற நேரத்தில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் குருணை சிலிண்டருக்குள் போய்விடும்.

“போனா என்ன?” என்று வந்த புதிதிலேயே கேட்டிருந்தான்.

“சோத்துல கல்லு வந்தா நாம துப்பிருவோம். பிஸ்டனுக்குத் துப்பத் தெரியாதுங்ணா. அரைச்சுத் தின்னுட்டு அதுவும் செத்துப்போயிரும்.”

அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே சடங்கு. ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். வால்வு இருக்கிற துவாரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். நின்றால் வால்வு மூடியிருக்கிறது. இறங்கினால் திறந்திருக்கிறது. நின்றதை உறிஞ்சி எடுத்து, காயவிட்டு, அப்புறம்தான் அடிக்க வேண்டும்.

“நிக்குதான்னு எவ்வளவு நேரம் பாக்கோணும்?”

“எவ்வளவு நேரம்னு கேக்கறதை நிறுத்தற வரைக்கும்.”

இதுவும் அவள் சொன்னதுதான்.

முதல் சிலிண்டர். சுற்றினான், ஊற்றினான், பார்த்தான். நின்றது. அடித்தான். வால்வு விளக்கி வைத்த கிண்ணம் மாதிரி வெளுத்தது.

இரண்டாவதில் மண்ணெண்ணெய் இறங்கிவிட்டது. யாரையோ திட்டிக்கொண்டு மறுபடி சுற்றினான். மறுபடி ஊற்றினான்.

மூன்றாவதுக்கு வரும்போது காரின் சொந்தக்காரர் வந்து தலைமாட்டில் நின்றார்.

“என்னப்பா, தவமா? ஊத்தி ஊத்தி உத்துப் பாத்துட்டே உக்காந்திருக்கே.”

“குரு சொன்னதுங்க.”

“யாரு குரு?”

“அதா, அங்க பக்கோடா தின்னுட்டு இருக்குது பாருங்க.”

அவர் சிரித்தார். ஆனால் போகவில்லை. வாட்சைப் பார்த்தார். சென்னியப்பனும் அவர் வாட்சைப் பார்த்தான்.

நாலாவதுக்கு ஸ்பேனரை மாட்டும்போது அவன் மச்சினன் பல்லடத்திலிருந்து கூப்பிட்டான். சென்னியப்பன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

“மாமா, போர்டு எழுதறவன் வந்துட்டான். வெறும் சென்னியப்பன்னு போடறதா, மெக்கானிக் சென்னியப்பன்னா?”

“வெறும் சென்னியப்பன்னு போட்டா ஜோசியம் பாக்க வந்துருவாங்க மாப்ளை. மெக்கானிக்னு போடு.”

“எழுத்து சிவப்பா, நீலமா?”

“மஞ்சள்ல போடு. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியோணும்.”

“அந்தப் புள்ள கிளம்பச் சொல்லிருச்சா?”

“சாயங்காலம் சொல்லிரும். நீ எழுது.”

பேச்சு நீண்டது. கை தன்பாட்டுக்கு ஓடியது. போனை வைத்தபோது நாலாவது வால்வும் பளபளவென்று இருந்தது.

குருணையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். மேனிஃபோல்டை மாட்டினான். போல்ட்டுகளை இறுக்கினான்.

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மூடின என்ஜினை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆச்சுங்களா?”

“ஆச்சு.”

“நாலும்?”

“நாலும்.”

“சாவியைத் திருகுங்க. சத்தத்தைக் கேட்டுட்டு, கிளம்புங்க.”

கிளம்புங்க.

சென்னியப்பன் ஏறி உட்கார்ந்தான். சாவியை நுழைத்தான்.

முதல் சிலிண்டரில் மண்ணெண்ணெய் நின்றது ஞாபகம் இருந்தது. இரண்டாவதில் இறங்கினது ஞாபகம் இருந்தது. மூன்றாவதில் நின்ற மண்ணெண்ணெயில் மேலே எரிகிற டியூப் லைட் தெரிந்ததுகூட ஞாபகம் இருந்தது.

நாலாவதில் மஞ்சள் எழுத்து ஞாபகம் இருந்தது.

ஊற்றியிருப்பான். பழகின கை, ஊற்றாமல் விடாது. விட்டிருந்தாலும் வால்வு மூடியே இருந்திருக்கலாம். இருந்திருக்கும். ஒரு குருணைதான் போயிருந்தாலும் சாம்பலாகி வெளியே போய்விடாதா?

இறங்கிச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. சொன்ன சொல்லையும் அவள் திரும்ப வாங்கிக்கொள்வாள். பல்லடத்தில் பெயின்ட் இன்னும் காய்ந்திருக்காது.

“போடுப்பா, நேரமாச்சு,” என்றார் சொந்தக்காரர்.

“திருகுங்ணா,” என்றாள் கோகிலவாணி.

சென்னியப்பன் திருகவில்லை.