உப்பு வியாபாரியின் மணி

“ஆட்டம் கெட்டுப்போச்சு, மேடம்,” என்றார் அறவாழி. “ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. அதுல மொத்த ஜமாவும் படுத்துருச்சு. நான் கதை சொல்றதுல எங்க தப்புன்னு நீங்கதான் சொல்லித் தரணும்.”

நாச்சியார் மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அறவாழியை விட அவர் பதினைந்து வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான். கோவில்பட்டிக்கு அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்.

ஆட்டம் இதுதான். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொன்னால் போதும். அது பலிக்குமா, பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை சொல்பவர் உருட்டும் பகடை மட்டும் மற்றவர் கண்ணில் படாமல் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருளும். ஒருத்தரும் நாற்காலியை விட்டு அசைய வேண்டாம். ஆனாலும் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உடம்பெல்லாம் வலிக்கும்.

அறவாழி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாச்சியாரிடம் ஒரு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு தனி ஜமா சேர்த்தார். நாற்பது பக்கத்துக்குக் கதை எழுதினார். நாற்பது பக்கமும் ஒரு யாளியைப் பற்றி. கண் தெரியாத யாளி, காதை வைத்தே வேட்டையாடும். அதன் மேல் மனிதருக்கு அப்படி ஒரு பாசம். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாள் மறந்தாலும் மறப்பார், யாளிக்குப் பல் எத்தனை என்பது மறக்காது.

“யாரு மூஞ்சியைத் தூக்கினது?” என்றார் நாச்சியார்.

“செந்தூரான். சலூன்காரர்.”

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. அதனால் அவர் கடையில்தான் ஆட்டம். சலூன் வைத்திருக்கிற மனிதர் வாயே திறக்க மாட்டார் என்றால் நம்புவீர்களா? மாட்டார். மற்ற மூன்று பேரும் வாள்வீரன், வில்லாளி, மந்திரக்காரி என்று வேஷம் எடுத்தபோது, அவர் மட்டும் உப்பு வியாபாரி என்று எழுதிக் கொடுத்தார். ஆயுதம் கிடையாது. ஒரு பொதிமாடு, அதன் கழுத்தில் ஒரு மணி. அவ்வளவுதான்.

“என்ன நடந்துச்சு?”

அறவாழி சொன்னார்.

மலை விளிம்பில் நாலு பேரும் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் யாளி, பின்னால் பள்ளம். வாள் உடைந்துவிட்டது. அம்பு தீர்ந்துவிட்டது. மந்திரம் பலிக்கவில்லை. இனி என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது, ஐந்து மாதமாகப் பேசாத செந்தூரான் தொண்டையைச் செருமினார்.

“மாட்டை அவுத்து விட்டுடறேன் சார். மணியை என் கழுத்துல கட்டிக்கிறேன். பள்ளத்தைப் பாத்து ஓடறேன். சத்தம் கேட்டு அது என் மேல பாயட்டும். நாங்க ரெண்டு பேரும் விழுந்துக்கிறோம். இவங்க மூணு பேரும் வீடு போய்ச் சேரட்டும்.”

அதைக் கேட்டு மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள் என்றார். மந்திரக்காரி வேஷம் போட்ட ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றார்.

“அப்புறம்?”

“யாளிக்கான பகடையை நான் தடுப்புக்குப் பின்னால உருட்டினேன். பத்துக்கு மேல விழுந்தா அது விளிம்புல நின்னுரும். பத்தோ அதுக்குக் குறைவோ விழுந்தா பாஞ்சு, அதுவும் செத்துரும்.”

“என்ன விழுந்துச்சு?”

“பதினேழு,” என்றார் அறவாழி.

பொய். விழுந்தது இரண்டு.

ஒன்பதாம் பக்கத்திலேயே யாளி செத்துப்போனால் மீதி முப்பத்தொரு பக்கத்தை எந்தக் குப்பையில் போடுவது? கை பகடையை மூடியது. வாய் பதினேழு என்றது. யாளி விளிம்பில் நின்றது. உப்பு வியாபாரி மட்டும் விழுந்தார். மணிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது என்று வர்ணனை வேறு. மற்ற மூவரும் தப்பிக்க ஒரு குகையையும் அவரே முளைக்க வைத்தார்.

செந்தூரான் “சரிங்க சார்” என்றார்.

“அதுக்கப்புறம் மூணு செவ்வாயா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடறாரு. வேற வேஷம் எடுங்கன்னா வேணாங்கிறாரு. ஒரு கதையில செத்ததுக்கு இவ்வளவு ரோஷமா, மேடம்?”

நாச்சியார் கத்தரியைக் கீழே வைத்தார்.

“இன்னைக்குச் செவ்வாய்தானே? வாங்க, போவோம்.”

*

மாலை ஐந்து மணி. மற்ற மூவரும் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. செந்தூரான் சாவியை நீட்டிவிட்டு, நாச்சியாரைப் பார்த்ததும், “டீ வாங்கிட்டு வந்துடறேன்” என்று போனார்.

அறவாழி வழக்கம்போல வெள்ளைத் துணிகளை எடுத்துச் சுவர்க் கண்ணாடிகளை மூடினார். சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. தடுப்புக்குப் பின்னால் உருளும் பகடையை யாராவது பார்த்துவிட்டால்? அதனால் ஆட்டத்துக்கு முன்னால் துணி போடுவது அந்த ஜமாவின் வழக்கம்.

“செந்தூரான் எங்க உக்காருவாரு?”

“அந்த மூலை ஸ்டூல்ல.”

நாச்சியார் அதில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து மேஜையையும் எதிர்ச் சுவரையும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“நீங்க இங்க உக்காருங்க, சார். நான் கதை சொல்றேன். நீங்க உப்பு வியாபாரி.”

அறவாழி சிரித்தார். நாச்சியார் சிரிக்கவில்லை. தடுப்பை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் கதைசொல்லியின் நாற்காலியில் அமர்ந்தார்.

“முன்னால யாளி. பின்னால பள்ளம். என்ன செய்யறீங்க?”

“மணியைக் கழுத்துல கட்டிக்கிட்டு...” அறவாழிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சும்மா ஒரு பேச்சுதான். ஆனாலும் அடித்துக்கொண்டது. “பள்ளத்தைப் பாத்து ஓடறேன்.”

நாச்சியார் பகடையை உருட்டினார். நெல்லிக்காய் அளவுப் பகடை. மேஜையில் கடகடவென்று ஓடி நின்றது.

“பதினேழு,” என்றார். “யாளி நின்னுருச்சு. நீங்க மட்டும் விழுந்தீங்க.”

“இல்லையே மேடம், நாலுதானே விழு...”

பேச்சு அங்கேயே நின்றது.

நாச்சியாரின் தோளுக்கு மேலே, ஆணியில், ஒரு கைக்கண்ணாடி தொங்கியது. முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவார்களே, அது. கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. பெரிய கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போட்ட கணக்கு வாத்தியார் இந்தச் சின்னக் கண்ணாடியை ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அவர் எங்கே கண்டார்? மூலை ஸ்டூலிலிருந்து பார்த்தால் மட்டும் அதில் மேஜை தெரிந்தது. மேஜை மேல் பகடை. பகடை மேல் நாலு.

அறவாழியின் முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் சுட்டன. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

நாச்சியார் பகடையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

செந்தூரான் டீயோடு வந்தார். அறவாழி எந்த ஸ்டூலில் இருக்கிறார் என்று பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். தப்பு செய்தவர் அவர்தான் என்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னைக்கு விழுந்தது ரெண்டு,” என்றார் அறவாழி.

“ஆமாங்க சார்.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். டீ ஆறிடும், குடிங்க.”

அறவாழி டீயை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

“வீணாப் போய் விழுந்தீங்களேன்னு நம்ம வாள்வீரன் தங்கப்பாண்டி மூணு வாரமா உங்களைக் கேலி பண்றாரே. கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க. அன்னைக்கே என்னை நாலு பேர் முன்னால கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா, அப்புறம் நீங்க சொல்ற கதையை யாரு சார் கேப்பாங்க?”

நாச்சியார் வாசலைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

“பின்ன ஏன் ஆட உக்கார மாட்டேங்கிறீங்க?” என்றார் அறவாழி.

செந்தூரான் கழுத்தைச் சொறிந்தார். “உக்காந்தா கண்ணு அங்கதான் சார் போகுது.”

அறவாழியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆணியைப் பார்த்தபடி கேட்டார்.

“அதைக் கழட்டி வச்சிருக்கலாமே, செந்தூரான்.”

“கழட்டினா, நான் பாத்துட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருமே சார்.”