கழுவிவிட்டு வந்த கால்

“கடவுளை மகிமைப்படுத்தி வாழணும்னா நான் இன்னும் என்ன செய்யணும், சாமி?”

கேட்டவர் சந்தியாகு. மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். கேட்கப்பட்டவர் பங்குச்சாமியார் தர்சியுஸ். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

கடற்கரை ஊர்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அங்கே யாரும் வயதைப் பார்த்து யோசனை கேட்பதில்லை. அங்கியைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

“இதுவரைக்கும் என்னென்ன செஞ்சிருக்கீங்க?” என்றார் சாமி.

சந்தியாகு சொன்னார். மாதாவுக்குக் குகை போல ஒரு கெபி கட்டியிருந்தார். தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. விடியற்காலைப் பூசைக்கு முதல் ஆள். கோயிலில் ஓடு ஒன்று உடைந்தால் ஏணியோடு வந்து நிற்பவரும் அவர்தான். கடலில் செத்துப்போன தன் வள்ளத்து ஆள் கஸ்மீரின் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். அவன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

சாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

“நற்கருணை வாங்குறீங்களா?”

“இல்ல” என்றார் சந்தியாகு.

*

ஊருக்கே தெரிந்த கதைதான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயல் நாள். சந்தியாகு சுக்கான் பிடித்திருந்தார். கஸ்மீர் தவறிக் கடலில் விழுந்தான். ஒரு சுற்றுச் சுற்றித் தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்னொரு சுற்றுக்கு சந்தியாகு வள்ளத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் மற்றவர்களும் போயிருப்பார்கள். கரையைப் பார்த்து வள்ளத்தை விட்டார்.

உயிரோடு வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கஸ்மீரின் மனைவி திரேசம்மாளே, “நீங்க என்னண்ணே செய்வீங்க, கடல் அப்படி” என்றாள்.

சந்தியாகு மட்டும் சமாதானம் ஆகவில்லை. ஊருக்கு மாற்றலாகி வந்த சாமியார்கள் ஒவ்வொருவரிடமும் இதையே பாவசங்கீர்த்தனம் செய்தார். ஒவ்வொருவரும் கை உயர்த்தி மன்னிப்புக் கொடுத்தார்கள். போன வீட்டில் மரியாதைக்கு வாங்கிவைத்துக்கொள்ளும் காப்பி போல அதை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

அன்றிலிருந்து, பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கும் அந்த அப்பத்தை, நற்கருணையை, வாங்குவதும் இல்லை.

ஞாயிறு பூசையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நற்கருணை வேளை வந்ததும் இரண்டு பக்கமும் வரிசை எழும்பும். அவர் மனைவி பிரகாசி எழும்புவாள். ஆண்கள் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் தனியாகப் போய் வாங்கிவிட்டு வருவாள்.

எத்தனை ஞாயிறுதான் அந்தப் பார்வையைத் தாங்குவது? பாவம், இரண்டு பேருமே பாவம்.

*

“எனக்குத் தகுதி இல்ல சாமி. அதை விட்டுருங்க. வேற வழி சொல்லுங்க.”

“சொல்றேன். வர்ற பெரிய வியாழக்கிழமை காலடி கழுவுற சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வேணும். நீங்க ஒருத்தர்.”

பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, சாமியார் முழங்காலில் நின்று, இயேசு தான் சாவதற்கு முந்தின இரவு சீடர்களுக்குச் செய்தது போல அவர்கள் காலைக் கழுவித் துடைக்கும் சடங்கு அது. 

“நான் தண்ணி எடுத்துத் தர்றேன் சாமி. துண்டு பிடிக்கிறேன். வேணும்னா நீங்க சொல்ற பன்னிரண்டு பேர் காலையும் நானே கழுவுறேன்.”

“தெரியும். விட்டா கோயிலையே பேத்துத் தலையில தூக்குவீங்க. நான் உக்காரச் சொன்னேன்.”

“அதுக்கும் ஒரு தகுதி வேணும்லா?”

“கால் இருக்கா?”

“இருக்கு.”

“அது போதும்.”

*

இந்த ஊரில் காலடி கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

பெரிய வியாழன் மத்தியானம் ஆனால் பன்னிரண்டு வீட்டுக் கிணற்றடியிலும் பன்னிரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். தேங்காய் நாரும் சோப்பும் கையில் இருக்கும். குதிகால் வெடிப்பைச் செங்கல்லால் தேய்ப்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டுவார்கள். வருஷம் முழுக்கக் கடல்தண்ணீரிலும் கழிவெண்ணெயிலும் கிடந்த கால்கள் அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளைக் கால்கள் ஆகிவிடும்.

சாமியார் தொடப்போகிற கால் அழுக்காக இருக்கலாமா? ஊர் என்ன சொல்லும்?

ஆகவே சாமியார்கள் வருஷா வருஷம் கழுவின காலையே கழுவினார்கள். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீரை அப்படியே குடிக்கலாம் போல இருக்கும்.

அந்த வருஷம் எல்லாரையும் மிஞ்சிவிட்டார் சந்தியாகு. முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். மறுபடியும் சோப்பு.

“நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படித் தேய்க்கல” என்றாள் பிரகாசி. “தோலு உரிஞ்சிரப்போவுது.”

“உரிஞ்சா உரியட்டும். நீ சும்மா இரு.”

அவள் சும்மா இருந்தாள். ஆனால் சந்தோஷமாக இருந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காருகிறவர் நற்கருணைக்கும் எழும்பாமலா போவார் என்று ஒரு கணக்கு அவளுக்கு.

*

சாயங்காலம் கோயில் நிரம்பியிருந்தது.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. சந்தியாகு கடைசி நாற்காலிக்கு முந்தினதில் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வலது கால் வெளியே.

சாமி முதல் ஆளிடம் முழங்காலிட்டார். தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். கோயிலையும் பீடத்தையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை துண்டோடு பின்னாலேயே வந்தார்.

சந்தியாகுவின் முறை வந்தது.

சாமி அவர் காலைக் கையில் எடுத்தார். பார்த்தார். திருப்பிக் குதிகாலையும் பார்த்தார். எலுமிச்சம்பழ வாசனை அடித்தது.

பிறகு காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கோயில்பிள்ளை பதறிப்போய்க் குனிந்தார். “சாமி, ஒண்ணு விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல.”

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சந்தியாகு நீட்டிய காலை உள்ளே இழுக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவமானம் என்றால் அப்படி இப்படி அவமானம் இல்லை.

நற்கருணைக்கு வரிசை எழும்பியது. அவர் எழும்பவில்லை. பிரகாசி இந்தத் தடவை ஆண்கள் பக்கம் பார்க்கவும் இல்லை.

*

மறுநாள் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள். ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை.

விடிந்ததும் சந்தியாகு கிளம்பிவிட்டார். எப்போதும் சிமெண்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு சுத்தமாகச் சாமியார் பங்களாவுக்குப் போகிறவர், அன்றைக்குக் கோபத்தில் குறுக்கே இறங்கினார். கரையேற்றி வைத்த வள்ளங்களுக்கு நடுவே, மீன் காயப்போடும் களத்தைத் தாண்டி, நீர் வற்றிய கழிச் சேற்றில் கணுக்கால் புதையப் புதைய நடந்தார். செருப்புப் போட்டுக்கொள்ளக்கூட நினைக்கவில்லை.

சாமி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரு முன்னாலயும் என்னை விட்டுட்டீங்களே சாமி.”

சாமி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“கழுவுன காலை எப்படிக் கழுவ?”

“மத்தவங்களும் கழுவிட்டுத்தான வந்தாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படிக் கழுவுனீங்க?”

“பேருக்குக் கழுவினேன். அது என் தப்புதான். உங்களுக்குப் பேருக்குக் கழுவ எனக்கு மனசு வரல.”

சண்டை போட வந்த இடத்தில் எதிராளி முதலிலேயே தப்பை ஒத்துக்கொண்டால் மனிதன் என்னதான் செய்வான்? இருந்தாலும் சந்தியாகு விடவில்லை.

“சாமி தொடுற கால் சுத்தமா இருக்கணும்னுதான் தேய்ச்சேன். அது ஒரு குத்தமா?”

சாமி அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தியாகுவும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். கறுப்புச் சேறு. மீன் செதில் ஒட்டியிருந்தது. விரலிடுக்கில் இஞ்சின் எண்ணெய். சிப்பி கிழித்து ஒரு விரலில் ரத்தம். வாசல் சிமெண்டில் வரிசையாகத் தடம் பதிந்திருந்தது.

“ஐயோ” என்று பின்வாங்கினார். “கழுவிட்டு வர்றேன் சாமி. குழாய் எங்க இருக்கு?”

“நில்லுங்க.”

சாமி உள்ளே போனார். ஒரு நாற்காலியும் துணி துவைக்கிற பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் கொண்டுவந்தார். தோளில் அவர் குளிக்கிற துண்டு கிடந்தது.

“இப்ப உக்காருங்க.”

“வேண்டாம் சாமி. இது நாத்தம் அடிக்கி.”

“எனக்கும் மூக்கு இருக்கு. உக்காருங்க.”

சந்தியாகு உட்கார்ந்தார்.

சாமி சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார். கோயிலில் முழங்காலுக்குப் போட்டிருந்த மெத்தை இங்கே இல்லை. காலைத் தூக்கி வாளிக்குள் வைத்தார். தண்ணீர் கறுத்தது.

சேறு போயிற்று. எண்ணெய் போகவில்லை. சாமி நகத்தால் சுரண்டினார்.

“அது போவாது சாமி. இஞ்சின் எண்ணெய்.”

“போகும்.”

“நானே தேய்ச்சிக்கிடுதேன்.” குனிந்து வாளிக்குள் கையை விட்டார்.

“கையை எடுங்க.”

சாமியின் குரலில் அப்படி ஒரு உறுதியை அவர் அதுவரை கேட்டதில்லை. கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எப்போதும் கயிறோ, ஏணியோ, ஜெபமாலையோ பிடித்துப் பழகிய கை. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் கடவுளை மகிமைப்படுத்த வழி கேட்டேன்” என்றார் சந்தியாகு. “நீங்க என் காலைப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க.”

“உங்க காலைக் கழுவ அவரு குனியுறாரு. நீங்க ஒவ்வொரு தடவையும் எழும்பி ஓடுறீங்க. அப்புறம் அவருக்கு ஏது மகிமை?”

சாமி மறுபடியும் எண்ணெயைத் தேய்த்தார்.

“கஸ்மீர்...” என்றார் சந்தியாகு.

“ம்.”

“இன்னொரு சுத்து நான் திருப்பியிருக்கணும்.”

“ம்” என்றார் சாமி. நீங்கள் நல்லவர் என்று சொல்லவில்லை. கடல் அப்படி என்றும் சொல்லவில்லை. வெட்டுப்பட்ட விரலை மட்டும் வலிக்காமல் ஒதுக்கிக் கழுவினார்.

“அதையும் சேத்துத்தான் இயேசு சிலுவையில சுமந்தாரு” என்றார் பிறகு. “உங்க கெபி வர்றதுக்கு ரொம்ப நாளைக்கு முன்னாலயே.”

சந்தியாகு அழுதார். சத்தம் போட்டே அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை. கன்னத்தில் வழிந்தது வாளியில் விழுந்தது.

சாமி காலை வெளியே எடுத்தார். துண்டால் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். மீன் நாத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவர் நிமிர்ந்ததும் சந்தியாகு கேட்டார்.

“இன்னைக்கு மூணு மணி வழிபாட்டுல நற்கருணை உண்டுல்லா சாமி?”

“உண்டு.”

சந்தியாகு இன்னொரு காலையும் நீட்டினார்.