பீமின் சொந்த எடை

"மேடம், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

சொன்னவர் ஏகாம்பரம். வயசு நாற்பத்தொன்பது. சொன்னது ஷமீமாவிடம். அவளுக்கு முப்பத்தொண்ணு. கான்கிரீட் கட்டடங்களுக்குத் தூண், பீம், தளம் எல்லாம் கணக்குப் போடுகிற இன்ஜினியர். உறையூரில் அவள் வீட்டு முன்ரூம்தான் ஆபீஸ்.

ஏகாம்பரம் இருபத்திரண்டு வருஷம் சைட் சூப்பர்வைசர். டிராயிங்கில் என்ன அளவு இருக்கிறதோ அதற்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்க வைத்தவர். அந்த அளவை யார் போட்டது, எப்படிப் போட்டது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதுதான் பகுதி நேரமாக இன்ஜினியரிங் படித்து முடித்துவிட்டு, அளவு போடக் கற்றுக்கொள்ள இவளிடம் வந்திருக்கிறார். அஞ்சு மாசம் ஆகிறது.

சொந்தமாக வந்த முதல் வேலை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இருபத்து நாலு அடி அகலம். நடுவில் தூண் வரக்கூடாது. வந்தால் பந்தி வரிசை கெட்டுவிடும்.

கூரையைத் தாங்கிக் குறுக்கே போகிற பீம் எத்தனை இன்ச் ஆழம் என்று பன்னிரண்டு மணிக்குள் ஆர்க்கிடெக்டுக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அவர் கூடத்தின் உயரத்தை முடிவு பண்ண முடியும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நேற்றே சொல்லிவிட்டார்.

இந்த வேலை போனால் ஏகாம்பரம் திரும்பப் பலகை அடிக்க வைக்கத்தான் போகணும்.

மணி பதினொன்றே முக்கால்.

"என்ன தெரியல அண்ணே?"

"பீம் எவ்வளவு ஆழம்னு கண்டுபிடிக்கணும்னா, அது மேல எவ்வளவு வெயிட் வருதுன்னு தெரியணும்."

"ஆமா."

"அந்த வெயிட்ல பீமோட சொந்த வெயிட்டும் இருக்கு."

"ஆமா."

"சொந்த வெயிட் தெரியணும்னா, பீம் எவ்வளவு ஆழம்னு தெரியணும்."

"ஆமா."

"என்ன மேடம், எல்லாத்துக்கும் ஆமாங்கிறீங்க?"

"சரியாத்தானே சொல்றீங்க."

இது ஒரு பதிலா? ஏகாம்பரத்துக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

"மூணு நாளா சுத்திச் சுத்தி வர்றேன். ஒரு நோட்டே தீந்துபோச்சு."

"புது நோட்டு வாங்கிருவோம்."

"விளையாடாதீங்க மேடம்."

"சைட்ல மேஸ்திரிங்க என்ன சொல்வாங்க?"

"அவங்களா? அடிக்கு ஒரு இன்ச்சும்பாங்க. இருபத்து நாலு அடின்னா இருபத்து நாலு இன்ச். ஏன்டான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அதை எழுதிக் குடுக்கவா நான் இந்த வயசுல பரீட்சை எழுதினேன்?"

ஷமீமா எழுந்து உள்ளே போனாள். அடுப்பைத் திருகும் சத்தம் கேட்டது.

"அண்ணே, வாசல்ல சிலிண்டர் இருக்கு பாருங்க. கொஞ்சம் தூக்கிட்டு வாங்களேன்."

மணி பதினொன்று ஐம்பது. இந்த நேரத்தில் சிலிண்டரா?

ஆனாலும் போனார். காலை அகட்டி வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார்.

சிலிண்டர் சட்டென்று மேலே வந்து அவர் தொடையில் இடித்தது. அவர் தடுமாறிப் பின்னால் போய்ச் செருப்பு ஸ்டாண்ட் மேல் உட்கார்ந்தார். ஸ்டாண்ட் சாய்ந்தது.

"என்ன மேடம் இது! காலி சிலிண்டர்!"

"காலியா?" ஷமீமா வாசலுக்கு வந்தாள். "தூக்கறதுக்கு முன்னாடி தெரியலையா?"

"எப்படித் தெரியும்? தூக்கினாத்தானே தெரியும்!"

"தெரியாம எவ்வளவு பலம் போடறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"எங்க முடிவு பண்ணேன்? நெறஞ்சிருக்கும்னு நெனச்சுப் போட்டேன்."

"காலின்னு நெனச்சுப் போட்டு, அது நெறஞ்சிருந்தா?"

"இடுப்பு போயிருக்கும்."

"காலின்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

"பலத்தைக் கொறைச்சேன். இதெல்லாம் ஒரு கேள்வியா? அதை யாராவது உக்காந்து யோசிச்சா..."

எழுந்தார்.

சிலிண்டரைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த நோட்டைப் பார்த்தார். தொடையைத் தேய்த்துக்கொண்டார். தெளிவாகிவிட்டதா என்றால், இல்லை. முகம் அப்படியேதான் இருந்தது.

போன் அடித்தது. ஆர்க்கிடெக்ட்.

ஏகாம்பரம் திரும்பி ஷமீமாவைப் பார்த்தார். அவள் சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பரைத் தன் போனில் தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"சொல்லுங்க ஏகாம்பரம். பீம் எவ்வளவு?"

"இருபத்து நாலு இன்ச் சார்."

"கணக்குப் போட்டுப் பாத்துட்டீங்களா?"

"இனிமேதான் சார். இதை வச்சுப் போட்டுப் பாத்து, கூடக் கொறைய வந்தா மாத்திக்கலாம். எழுதிக்கங்க."